கைக்கடிகாரத்தின் அடக்க விலை

செப்டம்பர் 2

வெறும் வயிற்றில் சர்க்கரை 148. குழாயில் தண்ணீர் வராமல் இது மூன்றாவது நாள். கீழ்த்தொட்டியில் வாளி வாளியாக மொண்டு மாடிக்கு ஏற்றினேன். முழங்கால் இரண்டும் போதும் என்கின்றன.

மிருதுளாவின் கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, நவம்பர் 20. மண்டபம், சமையல், பத்திரிகை, பந்தல் என்று ஒரு தாள் நிறைய எழுதினேன். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் காசாளராக இருந்தவனுக்கு எதையும் தாளில் எழுதினால்தான் பாதி வேலை முடிந்த மாதிரி இருக்கும். வசந்தாமணி அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"எல்லாம் எழுதீட்டீங்க. பட்டம் கட்டறது யாருங்க?"

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன். எங்கள் பக்கம் மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுவது தாய்மாமன். மிருதுளாவுக்கு இருப்பது ஒரே ஒரு தாய்மாமன், வசந்தாமணியின் தம்பி ஈஸ்வரமூர்த்தி. காங்கேயத்தில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். அவன் இந்த வீட்டுக்கு வந்து இருபத்தேழு வருஷம் ஆகிறது.

"பாக்கலாம்" என்றேன். அவள் தாளைத் திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 4

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன். மனசில் வைத்துக்கொண்டு தூக்கம் கெடுகிறது.

எங்கள் கல்யாணத்துக்கு ஈஸ்வரமூர்த்தி எனக்கு ஒரு கைக்கடிகாரம் போட்டான். அப்போது மஸ்கட்டில் வேலையாக இருந்தான், முதல் வருஷச் சம்பாத்தியம். சுவிஸ் கடிகாரம், தினமும் சாவி கொடுக்க வேண்டும். வெள்ளை முகம், ஆறு மணிக்கு மேலே நொடி முள்ளுக்குத் தனியாக ஒரு குட்டி வட்டம். சீர்ப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்டின கையோடு, காங்கேயம் பாத்திரக் கடையிலேயே கடிகாரத்தின் முதுகிலும் கு.வ. என்று வெட்டச் சொல்லியிருந்தான். குழந்தைவேலு, வசந்தாமணி.

மூன்று வருஷம் கழித்து வேலை போய்த் திரும்பி வந்தான். எங்கள் வீட்டில் பத்து நாள் தங்கினான். வசந்தாமணிக்கு அப்போது ஏழாம் மாசம். வளைகாப்பு மாதிரி எங்கள் பக்கம் போடும் கட்டுச்சோறு விருந்தன்று பீரோவில் கடிகாரத்தைக் காணவில்லை. பந்தியில் சனமெல்லாம் உட்கார்ந்திருக்கும்போது என் அம்மா சொன்னாள், "போட்டவனே கழட்டிக்கிட்டான் போல இருக்குது. வேலையில்லாத பையன், கைச்செலவுக்கு என்ன பண்ணுவான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை அடிக்கோடிட்டு எழுதுகிறேன். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

அவன் பாதி இலையில் எழுந்து கை கழுவினான். "அந்தக் கடியாரம் கெடச்ச அன்னிக்குத்தான் இந்த வாசப்படி மிதிப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். மிருதுளாவுக்குக் காது குத்தும்போது என் சித்தப்பா மகன் மடியில்தான் உட்கார வைத்தோம். குழந்தை அடங்கவே இல்லை.

செப்டம்பர் 7

வசந்தாமணி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுதான் தம்பியிடம் போனில் பேசுவாள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இன்று அரை மணி நேரம். இறங்கி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"என்ன சொல்றான்?"

"என்ன சொல்லுவான். சொன்னதேதான் சொல்றான்."

கேஸ் வந்தது. சில்லறை பத்து ரூபாய் தரவில்லை.

செப்டம்பர் 10

மாலையில் சங்கத்தில் ஓய்வு பெற்றவர்கள் கூடும் இடத்துக்குப் போனேன். சீட்டுக்கட்டை எடுத்துவிட்டார்கள். "ஒரு ஆட்டம் போடுங்க, குழந்தைவேலு" என்று வழக்கம்போல் இழுத்தார்கள். நான் தொடுவதில்லை. இருபத்தேழு வருஷமாகத் தொடுவதில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன்.

வந்து போனை நோண்டினேன். பழைய கடிகாரங்களை உலகம் முழுக்க விற்கிறார்கள். கல்யாண ஆல்பத்தை எடுத்து, பூதக்கண்ணாடி வைத்து என் இடது மணிக்கட்டைப் பார்த்தேன். இங்கிலாந்தில் லீட்ஸ் என்ற ஊரில் ஒருவர் அதே மாதிரி ஒன்று வைத்திருக்கிறார். அதே முகம், அதே குட்டி வட்டம். நூற்று நாற்பது பவுண்டு. நம் காசில் 15,400. மூவாயிரத்து இருநூறு போன பொருள், இன்றைக்கு இந்த விலை.

கெடச்ச அன்னிக்கு வருவேன் என்றுதானே சொன்னான். கிடைத்துவிட்டால் வர வேண்டியதுதானே.

செப்டம்பர் 12

வங்கிக்குப் போனேன். வெளிநாட்டுக்குப் பணம் கட்ட அட்டையில் தனியாக அனுமதி வாங்க வேண்டுமாம். கவுன்டரில் இருந்த பெண் சந்தேகத்தோடு பார்த்தாள். "லாட்டரி விழுந்திருக்குன்னு யாராச்சும் போன் பண்ணாங்களா சார்?" என்றாள். இல்லை என்று நம்பவைக்க இருபது நிமிஷம் ஆயிற்று.

விற்பவர் பேர் எழுதவில்லை, நல்ல மனுஷனாகத் தெரிகிறார். விலையைக் குறைத்துப் போட்டு 'அன்பளிப்பு' என்று பார்சலில் எழுதவா, உங்கள் ஊரில் வரி மிச்சமாகும் என்று கேட்டார். வேண்டாம், உள்ள விலையையே எழுதுங்கள் என்று பதில் போட்டேன். பொய்க்கணக்கு எழுதி எனக்குப் பழக்கமில்லை.

கடிகாரம் 15,400. அனுப்பும் கூலி 2,420. வங்கி பிடித்தது 740. ஆக 18,560.

செப்டம்பர் 21

பத்திரிகை மாதிரி வந்தது. தாய்மாமன் பேர் போடும் இடத்தை வசந்தாமணி பென்சிலால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். அச்சகத்தில் ஒரு மாசம் பொறுப்பார்கள்.

செப்டம்பர் 29

பார்சல் சென்னைக்கு வந்து சுங்கத்தில் நிற்கிறது. ஆதார் நகல் கேட்டார்கள், அனுப்பினேன். எதற்கு வாங்கினீர்கள் என்று ஒரு கட்டம். 'சொந்த உபயோகம்' என்று எழுதினேன்.

அக்டோபர் 5

தபால்காரர் வந்தார். வசந்தாமணி கோயிலுக்குப் போயிருந்தது நல்லதாகப் போயிற்று. சுங்கம், வரி, கையாளும் கட்டணம் எல்லாம் சேர்த்து 12,980 கட்டச் சொன்னார். நான் ஏழாயிரம்தான் எடுத்துவைத்திருந்தேன். அவரை உட்காரவைத்து மோர் கொடுத்துவிட்டு, முழங்காலை இழுத்துக்கொண்டு தெருமுனை ஏ.டி.எம்.முக்குப் போய் வந்தேன்.

"அப்பிடி என்னங்கய்யா உள்ள?" என்றார்.

"பழைய கடியாரம்."

"பழசுக்கேவா இத்தன வரி!"

ஆக 31,540. கடிகாரம் ஓடவில்லை.

அக்டோபர் 6

மணிக்கூண்டுப் பக்கம் அமீர் பாய் கடைக்குக் கொண்டுபோனேன். கண்ணில் லென்சை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்ல சாமானுங்க. உள்ள ஒரு கை படலை. சுருள்கம்பிதான் போயிருக்குது. எங்கீங்க புடிச்சீங்க?"

"எங்க வீட்டுதுதான்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஒத்திகை பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

வேலைக்கு 4,200. புது வார் 650. ஆக 36,390. கல்யாணச் செலவுத் தாளில் இதை எழுத முடியாது. இந்த டைரியில்தான் ஓடுகிறது.

அக்டோபர் 14

கடிகாரம் ஓடுகிறது. ஒரு நாளைக்கு மூன்று நிமிஷம் பிந்துகிறது. பரவாயில்லை.

நேராகக் கடைவீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். குடம், குத்துவிளக்குக்கு நடுவே கடிகாரத்தை நீட்டி, பின்னால் கு.வ. என்று வெட்டச் சொன்னேன். வெட்டுகிறவர் இதுவரை கடிகாரத்துக்கு வெட்டியதில்லையாம். இப்போது உளியும் சுத்தியும் கிடையாது, கரண்டில் ஓடும் பேனா. கொர்ரென்று இரண்டு இழுப்பு, முடிந்தது. எண்பது ரூபாய். 36,470.

புது எழுத்து பளபளவென்று இருந்தது. பல்பொடி போட்டுத் தேய்த்தால் மங்குமா என்று கேட்க அமீர் பாயிடம் திரும்பப் போனேன். அவர் முதுகைத் திருப்பிப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"ஏனுங்க இப்பிடிப் பண்ணுனீங்க? எவர்சில்வர் டம்ளரா இது? இனி இத எவன் வாங்குவான்? பாதி வெல போச்சுங்க."

விற்கப்போவதில்லை என்றேன். அவர் கடிகாரத்தை என் பக்கம் தள்ளினார்.

அக்டோபர் 15

எங்கே வைப்பது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் பரண்மேல் இருக்கும் அம்மாவின் தகரப்பெட்டியில் வைத்தேன். அவளுடைய சுங்குடிச் சேலைக்குள் சுருட்டி, அடியில். அம்மாவே எடுத்து வைத்துவிட்டு மறந்துவிட்டாள் என்று ஆகும். வயசானவர்கள் செய்யக்கூடியதுதான். அம்மா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இனி அவளுக்கு என்ன கெட்ட பேர் வந்து என்ன ஆகப்போகிறது.

பரணிலிருந்து இறங்கும்போது ஏணியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை. முழங்கால்.

அக்டோபர் 19

வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். பரண் சாமான்களை இறக்கினோம். நானே அம்மாவின் பெட்டியை வசந்தாமணி முன்னால் நகர்த்தி வைத்தேன். "இதையும் ஒரு வெயில் காட்டிரு" என்றேன்.

அவள் சேலையை உதறியபோது கடிகாரம் விழுந்தது. "அட, இது இங்கேயா இருந்துச்சு!" என்று நான் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. வெள்ளையடிக்கிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் எடுத்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். காதில் வைத்துக் கேட்டாள். அது ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியில் வைக்கும் முன் நான் சாவி கொடுக்கவில்லை. நாலு நாளாகச் சும்மா கிடந்தது, தூக்கிய குலுக்கலில் ஓடியிருக்கும். அவள் அதைக் கவனித்திருக்க மாட்டாள்.

"உங்கம்மா போன பதினாறாம் நாளு இந்தப் பொட்டியத் தொடச்சு, சேலையெல்லாம் மடிச்சு வெச்சது நாந்தானுங்க" என்றாள்.

"அடியில கெடந்திருக்கும்."

"இருக்கும்."

சேலையை மடித்தாள். அம்மாவின் சேலையை அவ்வளவு பதனமாக அவள் மடித்து நான் பார்த்ததில்லை. பிறகு கடிகாரத்தை என் கையில் கொடுத்தாள். "நீங்களே கொண்டுபோயிக் குடுத்துக் கூப்புட்டுட்டு வாங்க. நான் வரல."

அவள் கூட வருவாள், பேச்சையெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அக்டோபர் 24

இன்று போகலாம் என்றிருந்தேன். மழை.

அக்டோபர் 25

மழை இல்லை. போகவில்லை. அச்சகத்திலிருந்து இரண்டு தடவை போன்.  சாப்பாடு போடும்போது வசந்தாமணி என் கையைப் பார்த்தாள்.

அக்டோபர் 27

காங்கேயம் போய் வந்தேன். பஸ் போக வர 90. மொத்தம் 36,560. இதோடு கணக்கு முடிந்தது என்று பஸ்ஸில் நினைத்துக்கொண்டே போனேன்.

பட்டறையில் ஈஸ்வரமூர்த்தி தனியாக இருந்தான். தலை பாதி நரைத்துவிட்டது. கையெல்லாம் வார்னிஷ். எழுந்து நின்று, "வாங்க மச்சான்" என்றான். இருபத்தேழு வருஷம் கழித்தும் அந்த 'வாங்க' குறையவில்லை. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

"மாப்ள, கடியாரம் கெடச்சிருச்சு" என்றேன். அம்மா, தகரப்பெட்டி, சேலை, எல்லாவற்றையும் தயார் பண்ணி வைத்திருந்த வரிசையில் சொன்னேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கடிகாரத்தை வாங்கினான். திருப்பினான். சிரித்தான்.

"எழுத்து வழுவழுன்னு இருக்குதுங்க. நம்மூர்ல அப்பெல்லாம் உளியில புள்ளி புள்ளியா வெச்சுத்தானுங்க வெட்டுவாங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"மச்சான், நான் அதக் கடையிலயே பாத்துட்டனுங்க" என்றான். "கட்டுச்சோறு முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும். ஈரோட்டுல வேல தேடி அலஞ்சப்ப, பழைய கடியாரம் வாங்கற கடையில, கண்ணாடிக்குள்ள தொங்குச்சு. எடுத்துக் காட்டச் சொன்னேன். முதுகுல கு.வ. இருந்துச்சு. யாரு வித்தாங்கன்னு கேட்டேன். சங்கத்துக் காசாளருன்னாரு."

பட்டறையில் ஒரு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் போய் அதை நிறுத்திவிட்டு வந்தான்.

"அப்பவே ஏன் சொல்லல, மாப்ள?"

"அக்கா ஏழு மாசமுங்க. உங்க பேரு கெட்டா அவ எந்த வீட்டுல இருப்பா? நான் தனிக்கட்ட, எம்பேரு கெட்டா என்னோட போகுதுன்னு நெனச்சேன்." மறுபடியும் துணியில் கை துடைத்து, "முழுசா அப்பிடிப் போகலீங்க. பொண்ணு பாத்த எடத்துலெல்லாம் விசாரிச்சாங்க. ரெண்டு எடம் தட்டிப்போச்சு. கல்யாணம் ஆகறப்ப எனக்கு முப்பத்தெட்டு" என்றான். ரேஷன் கடையில் சாமான் தீர்ந்த கதையைச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

ஆமாம். நான்தான் விற்றேன். இங்கே எழுதியாகிவிட்டது. விற்றதற்கு மறுநாள் சங்கத்தில் தணிக்கை. கையிருப்பில் மூவாயிரம் குறைந்தது. எப்படிக் குறைந்தது என்பதை இங்கும் எழுதப்போவதில்லை.

"வருவியா மாப்ள?" என்று கேட்டேன். கேட்க வாய் வந்ததே பெரிய விஷயம்.

"மிருதுக்குப் பட்டம் கட்டோணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லீங்களா? காது குத்தறப்பவே மடி காலியாக் கெடந்துச்சு. ஆனா கெடச்சிருச்சுன்னு பொய் சொல்லி நான் வரமாட்டனுங்க. நீங்க அக்காகிட்டச் சொல்லுங்க. அவ வந்து கூப்புட்டா வர்றேன்." கடிகாரத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தான். டீ வாங்கி வந்தான். சர்க்கரை போடாமல் வாங்கி வந்தான். எனக்குச் சர்க்கரை என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மாடியில் துணி காயப்போடுகிறபோது இதையெல்லாமும் பேசியிருப்பாள்.

அக்டோபர் 28

சொல்லவில்லை.

அக்டோபர் 29

சொல்லவில்லை. மண்டபத்துக்கு முன்பணம் கட்டினேன்.

அக்டோபர் 30

அச்சகத்தில் இனிப் பொறுக்க முடியாது என்று சொல்லி, வசந்தாமணியே போன் பண்ணித் தம்பி பேரைப் போடச் சொல்லிவிட்டாள். வருவானா இல்லையா என்று என்னைக் கேட்கவே இல்லை.

நவம்பர் 3

பத்திரிகைக் கட்டு வந்து இறங்கியது. காலையில் இருந்து வசந்தாமணி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே நாற்காலியில் உட்கார்ந்தேன். என்னால் தரையில் உட்கார முடியாது. மேலே உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்வது சரியில்லாமல் இருந்தது. ஆனாலும் சொன்னேன். சீட்டாட்டம், சங்கத்துப் பணம், கடை, லீட்ஸ், அமீர் பாய், அம்மாவின் பெட்டி, எல்லாம். அவன் கடையில் பார்த்ததையும் சொன்னேன்.

அவள் மஞ்சள் வைப்பதை நிறுத்தவில்லை. பத்து, பதினைந்து பத்திரிகை ஆனபிறகு கேட்டாள்.

"எத்தனைக்கு வித்தீங்க?"

"மூவாயிரத்து இருநூறு."

விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"என்ற தம்பிய மூவாயிரத்து இருநூறுக்கு வித்துப்போட்டீங்க."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் அழவில்லை. அழ வேண்டியதெல்லாம் மாடியில் அழுது முடித்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அடுத்த பத்திரிகையை எடுத்தாள்.

"முகூர்த்தக்கால் நடறன்னிக்கு நம்ம சனமெல்லாம் வரும். கட்டுச்சோத்துப் பந்தியில இருந்தவங்கள்ல ஒம்பது பேரு இன்னும் உசுரோட இருக்கறாங்க, எண்ணி வெச்சிருக்கறேன். அவங்க முன்னாடி சொல்லுங்க. உங்கம்மா எடுத்து ஒளிச்சு வெக்கலைங்கறதையும் சேத்துச் சொல்லுங்க. அதுக்கப்பறம் நான் போயி அவனக் கூட்டீட்டு வர்றேன்."

"மிருதுவும் இருப்பாளே" என்றேன்.

"இருக்கட்டும். அவளுக்குத்தான் காது குத்தறப்ப மடி இல்லாமப் போச்சு."

நவம்பர் 16

முகூர்த்தக்கால் நட்டாயிற்று. சொல்லியாயிற்று.

எழுதி வைத்துப் படிக்கலாம் என்று தாள் கொண்டுபோயிருந்தேன். அதைச் சட்டைப்பையை விட்டு எடுக்கவில்லை. தாளில்லாமல் சொன்னேன், நாலு வாக்கியம்தான். சித்தப்பா மகன் எழுந்து வெளியே போய்விட்டான். பெரியம்மா, காது கேட்காதவள், "என்னவாமா? என்னவாமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவள் காதில் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆக இரண்டு தடவை சொன்ன மாதிரி.

மிருதுளா என்னோடு பேசவில்லை. மாத்திரையை மட்டும் தண்ணீரோடு கொண்டுவந்து வைத்தாள்.

வசந்தாமணி வெற்றிலை, பழத்தட்டில் பத்திரிகையை வைத்தாள். கடிகாரத்தைக் கேட்டு வாங்கி அதன்மேல் வைத்தாள். டாக்சி பிடித்துக் காங்கேயம் போனாள். வாடகை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 18

காலையில் பந்தலில் வாழை கட்டிக்கொண்டிருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி, அவன் மனைவி, அவள் கையில் சீர்த்தட்டு. தெருவே பார்த்தது. நான் வாசலுக்குப் போனேன். வேட்டியைச் சரிபண்ணிக்கொண்டு நின்றேன்.

அவன் வாசப்படிக்கு வெளியே நின்றான். இடது கையில் அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருந்தான். அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் வெறும் மணிக்கட்டைப் பார்த்தான்.

"மச்சான், மணி என்னங்க ஆச்சு?"

பந்தல் போடுகிறவர்கள்கூடச் சிரித்தார்கள்.  உள்ளேயிருந்து வசந்தாமணிதான் பதில் சொன்னாள்.

"ரொம்ப நேரமாயிருச்சு. உள்ள வா, சாமி."